‘ஃபயர் இன் பாபிலோன்’: அடிபட்டவர்களுக்கு நாற்காலி எங்கே?

கடலோரன் எழுதியது:

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஆவணப்படம் திரையிடுகிறோம். அடுத்த மாதத்துக்கு ஸ்டீவன் ரைலி இயக்கி 2010-இல் வந்த ‘ஃபயர் இன் பாபிலோன்’ என்று முடிவாகிவிட்டது. 1975-76 பயணத்தில் ஆஸ்திரேலியாவிடம் 5-1 என்று நொறுங்கிய மேற்கிந்தியத் தீவுகள் அணி, 1984-இல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் 5-0 என்று வீழ்த்திய கதை. நான்காவது முறையாகப் பார்த்தேன். இந்த முறை பிளஸ் டூ படிக்கும் என் மகளும் பக்கத்தில் இருந்தாள்.

என் மனதுக்கு மிக நெருக்கமான படம் இது. 1976-இல் இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க், தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளையர், தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு இவர்களை மண்டியிட்டுக் கெஞ்ச வைப்பேன் என்றார். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வாரிசுகளைப் பார்த்துச் சொன்ன சொல். அதே கோடையில் ஓவலில் மேற்கிந்தியத் தீவுகளின் ரிச்சர்ட்ஸ் 291 ஓட்டங்கள், ஹோல்டிங் 14 விக்கெட்டுகள், தொடர் 3-0. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஏப்ரலில், ஜமைக்காவின் கிங்ஸ்டன் சபைனா பார்க்கில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஹெல்மெட் இல்லாத காலம். அன்ஷுமன் கெய்க்வாட் காதில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். விஸ்வநாத்துக்கு விரல் எலும்பு முறிந்தது. பிரிஜேஷ் படேலுக்கு வாயில் அடி. கேப்டன் பேடி 306 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் என்ற நிலையில் டிக்ளேர் செய்தார். இரண்டாவது இன்னிங்ஸ் 97 ஓட்டங்களில் முடிந்தது. விழுந்தவை ஐந்தே விக்கெட்டுகள். மற்ற ஐந்து பேர் காயத்தால் மட்டை பிடிக்க வரவேயில்லை.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: “அடிபட்டவர்கள் ஒருவர்கூடப் பேசவில்லையே, ஏன் அப்பா?” எனக்குப் பதில் வரவில்லை. அடிமைத்தளைக்கு எதிரான நெருப்பு என்று படம் சொல்கிறது. அந்த நெருப்பில் முதலில் வெந்தவர்களில் இன்னொரு முன்னாள் அடிமை நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஓர் அரசியல் படம் இதைத் தாண்டிப் போகலாமா? உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

*

செங்காந்தள் எழுதியது:

கடலோரன் ஐயா, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. ஆனாலும் படத்தின் பக்கம் நின்று பேச விரும்புகிறேன்.

இந்த வீரர்களைப் பற்றி மற்றவர்கள் பேசிய காலம் எவ்வளவு நீண்டது! கருப்பர்களுக்குக் கிரிக்கெட் ஆடத் தெரியும், தலைமை தாங்கத் தெரியாது என்று சொல்லியே பல பத்தாண்டுகள் ஓடின. 1960-இல் டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் பத்திரிகையில் விடாமல் எழுதிப் போராடிய பிறகுதான் ஃபிராங்க் வொரல் ஒரு முழுத் தொடருக்குக் கேப்டன் ஆனார். எழுபதுகளில் இவர்கள் ஜெயிக்கத் தொடங்கியதும், இது கிரிக்கெட்டே இல்லை, வன்முறை என்றார்கள். ஆஸ்திரேலியாவின் லில்லியும் தாம்சனும் வேகமாக வீசியபோது அது வீரம். இவர்களின் ராபர்ட்ஸும் ஹோல்டிங்கும் வீசியபோது அது காட்டுமிராண்டித்தனம்.

அப்படிப்பட்டவர்களுக்கு எண்பத்துச் சொச்சம் நிமிடங்கள் கிடைத்திருக்கின்றன. பின்னணியில் விளக்கம் சொல்லும் குரல் கிடையாது. வெள்ளைக்கார நிபுணர் வந்து இவர்களுக்கு அர்த்தம் சொல்வதில்லை. கேமரா முன்னால் உட்கார்ந்து பேசும் அந்த நாற்காலியை இன்னொருவருக்குக் கொடு என்று கேட்பதற்கு முன்னால், அது இவர்களுக்குக் கிடைக்க எத்தனை காலம் ஆனது என்று பார்க்க வேண்டாமா?

*

பழைய ஸ்கோர்போர்டு எழுதியது:

என் அப்பா 1975 பொங்கல் டெஸ்ட்டுக்குச் சேப்பாக்கத்தில் இருந்தார். சாகும் வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆண்டி ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்கள் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்த ஆட்டம் அது. மொத்தம் 190-இல் விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97.

ராபர்ட்ஸ் ஓடி வருவதை அப்பா நடித்துக் காட்டுவார். கூடத்துக் கோடியிலிருந்து தூணைத் தாண்டி மெதுவாக வருவார், முகத்தில் ஒன்றும் இருக்காது, கடைசி இரண்டு எட்டில் தோள் மட்டும் திரும்பும். “அந்த ஆள் கோபமே படவில்லை. அதுதான் பயம்” என்பார். பிறகு இடது முழங்கையை உயர்த்தி விஸ்வநாத்தின் ஸ்கொயர் கட். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

பல ஆண்டுகள் கழித்து இந்தப் படத்தில் அதே ராபர்ட்ஸ் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தேன். முகத்தில் அதே அமைதி. அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். ராபர்ட்ஸ் மேல் அவருக்குத் துளி வெறுப்பு இல்லை. எதிரி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆகவே செங்காந்தள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் விஸ்வநாத்தின் முறிந்த விரலையும் அப்பா மறக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல அவரால் முடிந்தது. ஒரு படத்தால் முடியாதா?

*

தொகுப்பு மேசை எழுதியது:

ஆவணப்படத் தொகுப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விளையாட்டு வரலாற்றுப் படத்தின் அரசியலில் பாதி, இயக்குநர் கதையை எழுதுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பழைய காட்சிகள் யாருடைய அலமாரியில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

1970-களில் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆட்டங்களைப் பதிவு செய்து பத்திரப்படுத்தின. ஆகவே இந்த அணியின் வெற்றியைக் காட்டவே, தோற்றவர்களின் காப்பகத்துக்குப் போய்ப் பணம் கட்டித்தான் காட்சியை வாங்க வேண்டும். கரீபியத் தீவுகளிலோ இந்தியாவிலோ அன்றைக்கு அந்த வசதி இல்லை. கிங்ஸ்டனில் ஓர் இந்தியரின் காதில் பட்ட பந்தைவிட, மான்செஸ்டரில் நாற்பத்தைந்து வயது இங்கிலாந்து வீரர் பிரையன் குளோஸின் மார்பில் பட்ட பந்தை உலகம் அதிகம் பார்த்திருப்பது இதனால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கால்பந்துக் குழுவைப் பற்றி நாற்பது நிமிடப் படம் தொகுத்தேன். அந்தக் குழு ஆடிய ஓர் ஆட்டத்தின் 52 விநாடிக் காட்சி ஒரு வெளிநாட்டுக் காப்பகத்தில் இருந்தது. விநாடிக் கணக்கில் கட்டணம். எங்களால் முடிந்தது 11 விநாடிகள். கோல் விழுவதை எடுக்கலாம், அல்லது கோல் போட்டவர் தரையில் உட்கார்ந்து காலணியின் கிழிந்த பக்கத்தைக் கயிற்றால் கட்டுவதை எடுக்கலாம். கோலை எடுத்தோம். இன்றைக்கும் அந்தக் கயிறுதான் என் கண்ணில் நிற்கிறது. அந்த மனிதர்களின் வறுமையைப் பற்றிப் படத்தில் ஒரு வாக்கியம்கூட இல்லை. யாரும் தடை செய்யவில்லை. பணம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

*

நேர்கோடு எழுதியது:

எல்லாரும் மன்னிக்க வேண்டும். விளையாட்டுப் படத்தில் எதற்கு அரசியல்? ஆட்டத்தை ஆட்டமாகக் காட்டினால் போதாதா? அரசியல் நுழைந்ததும் யாருக்கு நாற்காலி, யாருக்கு இல்லை என்ற பங்காளிச் சண்டை வந்துவிடுகிறது.

*

நீலவானம் எழுதியது:

நேர்கோடு, ஆட்டத்தை ஆட்டமாக மட்டும் காட்டுவதாகச் சொல்லிக்கொண்ட படம் ஒன்று உண்டு. லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த ‘ஒலிம்பியா’. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ். உடல்கள், தசைகள், வானத்தில் பறக்கும் டைவிங் வீரர்கள். அமெரிக்கக் கருப்பின ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் வெற்றிகளும் இருக்கின்றன. அதைக் காட்டியே, இது வெறும் கலைதான், அரசியல் இல்லை என்று அவர் கடைசி வரை வாதாடினார். ஆனால் பணம் நாஜி அரசின் பணம். அது வெளியே தெரியாமலிருக்க ஒரு நிறுவனத்தை முன்னால் நிறுத்தினார்கள். படம் வெளியான நாள் 1938 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாள்.

அந்தப் படத்தின் மாரத்தானைப் பாருங்கள். களைத்த கால்கள், சாலையில் விழும் நிழல், அவ்வளவு அழகு. வென்றவர் ஜப்பான் வீரர் என்கிறது படம். அவர் சோன் கீ-சுங், கொரியர். நாடு ஜப்பானின் பிடியில் இருந்ததால் கிடேய் சோன் என்ற ஜப்பானியப் பெயரில் ஓட வேண்டியிருந்தது. பதக்க மேடையில் தலையைக் குனிந்தபடியே நின்றார். சியோலில் ‘தோங்-ஆ இல்போ’ நாளிதழ் அவர் படத்தை வெளியிட்டபோது மார்பிலிருந்த ஜப்பான் கொடியை அழித்துவிட்டு அச்சிட்டது. இதழை நிறுத்திவைத்தார்கள், பத்திரிகையாளர்களைச் சிறையில் தள்ளினார்கள். ஆட்டத்தை மட்டும் பார்த்த கேமராவுக்கு இதில் எதுவும் தெரியவில்லை. அந்தக் கொடியைத் துணிந்து அழித்தவர்கள்தான் அன்றைக்கு உண்மையான ஆவணத்தை உருவாக்கினார்கள் என்பேன்.

அரசியல் வேண்டாம் என்று வைத்தாலும் யாரோ ஒருவரின் அரசியல் உள்ளே இருக்கும். அது பெரும்பாலும் கையில் கேமரா வாங்கப் பணம் இருந்தவரின் அரசியலாக இருக்கும்.

*

நேர்கோடு எழுதியது:

கொரிய வீரரின் கதை எனக்குத் தெரியாது. நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். படத்தைத் தேடிப் பார்க்கிறேன்.

*

கரும்புக்காடு எழுதியது:

இந்தியர்களுக்கு நாற்காலி இல்லை என்று கடலோரன் எழுதினார். நாற்காலி இல்லாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் அந்த அணிக்குள்ளேயே இருந்தவர்கள்.

கயானாவில் பெர்பிஸ் பகுதியில் போர்ட் மொரன்ட் என்று ஒரு கரும்புத் தோட்டம். கூலி ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் போனவர்களின் மண். கல்கத்தாக் கப்பல்களோடு மதராஸ் கப்பல்களும் கயானாவுக்குப் போயின. நம் மாரியம்மனை அங்கே இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். மேற்கிந்திய அணியின் மட்டையாளர் ரோஹன் கன்ஹாய் அந்தத் தோட்டத்துப் பிள்ளை. அதே அணியின் ஆல்வின் காளிச்சரணும் அந்தப் பக்கத்துக்காரர்தான். கயானாவின் விடுதலைத் தலைவர் செட்டி ஜகன் பிறந்ததும் அங்கேதான். 1953-இல் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த ஜகனை, 133 நாட்களில் அரசியலமைப்பையே முடக்கி இறக்கியது பிரிட்டன். பாபிலோன் என்பது ஜமைக்காவின் ரஸ்தஃபாரி மதத்தினர் ஒடுக்கும் ஆட்சிக்கு வைத்த பெயர். இவர்களுக்கும் அந்தப் பிரிட்டன்தானே பாபிலோன்?

படம் முழுவதும் கேட்கும் மொழி கருப்பின விடுதலை, ஆப்பிரிக்கா, ரஸ்தஃபாரி. ரிச்சர்ட்ஸின் மணிக்கட்டில் சிவப்பு, தங்கம், பச்சைப் பட்டை. அந்த உணர்வு உண்மையானது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1950-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை அதன் மண்ணில் முதன்முதலாகச் சாய்த்த இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவர் சோனி ராமதீன், டிரினிடாட் இந்தியர். 1976-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 406 ஓட்டங்கள் எடுத்து வென்றபோது மேற்கிந்தியக் கேப்டன் லாயிட் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை நம்பினார்: ஜுமதீன், இம்தியாஸ் அலி, பட்மோர். அந்தத் தோல்வியோடுதான் வேகத்தை மட்டுமே நம்புவது என்ற வழிக்கு அவர் திரும்பினார். இம்தியாஸ் அலிக்கு அதுவே முதல் டெஸ்ட், அதுவே கடைசி டெஸ்ட். வேகப்பந்தின் கதையை எழுச்சியாகச் சொல்லும்போது, சுழற்பந்தோடு சேர்ந்து யார் வெளியே போனார்கள் என்பதையும் ஒரு நிமிடம் சொல்லியிருக்கலாம்.

*

செங்காந்தள் எழுதியது:

கரும்புக்காடு, இது எனக்குப் புதிய கோணம். நன்றி. நான் என் பேச்சில் “இவர்கள்” என்று ஒரே கூட்டமாகச் சொல்லிவிட்டேன். அது தவறு.

ஆனால் இந்தியர்களுக்கு நாற்காலி போடும்போது ஒன்றையும் மறைக்காமல் போட வேண்டும். கவாஸ்கர் 1976-இலேயே தன் நூலில் சபைனா பார்க்கைப் பற்றி எழுதினார். அந்த அத்தியாயத்தின் தலைப்பு ‘கிங்ஸ்டனில் காட்டுமிராண்டித்தனம்’. சக வீரர்கள் ரத்தம் சிந்தும்போது கூட்டம் ஆர்ப்பரித்ததைப் பார்த்த கோபம் அது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் நம்மையும் அவர்களையும் சேர்த்துத் திட்டிய சொல் அல்லவா? காயம்பட்டவர் கையிலும் அதே அகராதிதான் இருந்தது. இதைச் சொல்லும் துணிவு இருக்கிற படம் வந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

*

கடலோரன் எழுதியது:

செங்காந்தள், உங்கள் பதிவை மகளிடம் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள். நான் என் பக்கத்துக் காயத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே உறைத்தது.

இன்னொரு கேள்வி. 1983-இல் லாரன்ஸ் ரோ தலைமையில் மேற்கிந்திய வீரர்களின் ஓர் அணி பணத்துக்காகத் தென்னாப்பிரிக்கா போனது. நிறவெறி ஆட்சி நடந்த மண். இவர்களைக் ‘கௌரவ வெள்ளையர்’ என்றார்கள். ரிச்சர்ட்ஸ் பெரும் பணத்தை மறுத்தவர்; படம் அதைப் பெருமையோடு காட்டுகிறது, காட்டத்தான் வேண்டும். போனவர்களில் ஒருவரான கோலின் கிராஃப்டும் படத்தில் பேசுகிறார். அவருக்கு நாற்காலி கொடுத்ததை நான் மதிக்கிறேன். அது போதுமா?

*

கரும்புக்காடு எழுதியது:

போதாது. என் தாத்தா தோட்டத் தொழிலாளி. நிறவெறிக்கு எதிரான புறக்கணிப்பை மீறியவர்களை நான் நியாயப்படுத்த மாட்டேன். 1981-இல் தென்னாப்பிரிக்கத் தொடர்பு இருந்த ஜாக்மன் என்ற ஒரே ஒரு இங்கிலாந்து வீரருக்காகக் கயானா அரசு ஒரு டெஸ்ட்டையே நடக்க விடவில்லை. அந்த உறுதி பெரிது. அதே கயானாக்காரரான காளிச்சரண் அந்த ஆண்டே தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அணிக்கு ஆடப் போனார். அது அங்கே எவ்வளவு பெரிய காயம் என்று யோசியுங்கள்.

ஆனால் போனவர்களுக்கு நடந்ததையும் பாருங்கள். ஆயுள் தடை. 1989-இல் தடை நீங்குவதற்குள் பெரும்பாலோரின் ஆட்டக் காலம் முடிந்துவிட்டது. ஆட்டத்தில் எல்லாம் செய்யக்கூடியவர் என்று பெயரெடுத்த ரிச்சர்ட் ஆஸ்டின் கிங்ஸ்டன் தெருக்களில் படுத்துக் கிடந்தார். டேவிட் மரே பார்படோஸில் வறுமையில் காலத்தைக் கழித்தார். கிராஃப்டையே தென்னாப்பிரிக்காவில் ஒரு ரயிலில் வெள்ளையர் பெட்டியிலிருந்து எழுப்பி அனுப்பினார்கள். கௌரவ வெள்ளையர் என்ற பட்டத்தின் மதிப்பு ஒரு ரயில் இருக்கை அளவுக்குக்கூட இல்லை.

அவர்கள் ஏன் போனார்கள்? சம்பளம் இல்லாத மாதங்கள், அணியில் இடம் கிடைக்காத வரிசை. ரிச்சர்ட்ஸ் மறுத்தது அறம். அந்த மறுப்பின் எடையை அறிய, மறுக்க முடியாமல் போனவர்களின் வீட்டு அடுப்பையும் காட்ட வேண்டும்.

*

நீலவானம் எழுதியது:

யார் பேசுகிறார்கள் என்பதற்கு இன்னொரு உதாரணம், லியோன் காஸ்டின் ‘வென் வி வேர் கிங்ஸ்’. 1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவில் ஜயர் (இன்றைய காங்கோ) நாட்டின் கின்ஷாசாவில் அலி–ஃபோர்மன் குத்துச்சண்டை. படம்பிடித்தது அன்றைக்கு, பண விவகாரங்களில் சிக்கி வெளியானது 1996-இல். ஆஸ்கரும் வாங்கியது. அலியின் அழகை அதுபோல் வேறு எந்தப் படமும் பிடிக்கவில்லை.

ஆனால் சண்டைக்குப் பணம் போட்டவர் அந்நாட்டுச் சர்வாதிகாரி மொபுட்டு. நாட்டு மக்களின் பணம். குத்துச்சண்டை வீரர்களுக்கு ஆளுக்கு 50 லட்சம் டாலர். படம் மொபுட்டுவின் கொடுமையைச் சொல்கிறது, மறைக்கவில்லை. சொல்பவர்கள் யார்? பெரும்பாலும் நார்மன் மெய்லரும் ஜார்ஜ் பிளிம்டனும், இரண்டு அமெரிக்க எழுத்தாளர்கள். கின்ஷாசா மக்கள் “அலி, பொமாயே” (அலி, அவனைக் கொல்) என்று கூவுகிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள். அந்தக் குழந்தைகளில் ஒருவரை 1996-இல் தேடிப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டிருந்தால்? அப்போதும் மொபுட்டுதான் ஆட்சியில் இருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வகையில் ‘ஃபயர் இன் பாபிலோன்’ எவ்வளவோ மேல்.

*

தொகுப்பு மேசை எழுதியது:

இப்போது அடுத்த சிக்கல் வந்துவிட்டது. கதாநாயகனே தயாரிப்பில் பங்காளி. 2020-இல் வந்த ‘தி லாஸ்ட் டான்ஸ்’ பத்துப் பகுதிகள். 1997-98 பருவத்தின் அரிய காட்சிகள் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் சம்மதம் இல்லாமல் வெளியே வந்திருக்காது. 1990-இல் வட கரோலினாவில் ஹார்வி காண்ட் என்ற கருப்பின வேட்பாளருக்கு ஆதரவு தர ஜோர்டான் மறுத்த விஷயத்தைப் படம் தொடுகிறது. தொட்டுவிட்டு, ஜோர்டானின் விளக்கத்தோடு நகர்ந்துவிடுகிறது. அங்கே காண்டின் ஆதரவாளர் ஒருவர் பேசும் ஐந்து நிமிடத்தை வைத்துத் தொகுத்திருப்பேன். நாயகனின் கையில் சாவி இருந்தால் அதை வைக்க முடியாது.

நம் ஊர் வீரர்களைப் பற்றி வரப்போகும் படங்களைப் பார்க்கும்போதும் தயாரிப்பாளர் பெயர் ஓடும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

*

பழைய ஸ்கோர்போர்டு எழுதியது:

கடலோரன், ஒரு யோசனை. பேடி 2023-இல் போய்விட்டார். கெய்க்வாட் 2024-இல் போய்விட்டார். காதில் அடிபட்டவரை இனி எந்த நாற்காலியிலும் உட்கார வைக்க முடியாது. ஆனால் அந்தக் கிங்ஸ்டன் டெஸ்ட்டில் நம் வெங்கட்ராகவனும் ஆடினார். சென்னைக்காரர். இம்தியாஸ் அலி, ஜுமதீன், வெங்கட், பேடி, சந்திரசேகர் என்று அந்தத் தொடர் முழுக்கச் சுழற்பந்துக்காரர்களின் கதையாகவும் சொல்லலாம். நம் ஆட்களில் கேமரா வைத்திருக்கும் யாராவது இப்போதே அந்தத் தலைமுறையிடம் போய்ப் பதிவு செய்யுங்கள். தொகுப்பு மேசை, உங்களைத்தான் சொல்கிறேன்.

*

தொகுப்பு மேசை எழுதியது:

கேட்டுப் பார்க்கிறேன் ஐயா. காப்பகக் காட்சி இல்லாவிட்டால் என்ன, உங்கள் அப்பா கூடத்தில் ஓடி வந்ததை நீங்கள் நடித்துக் காட்டுங்கள், அதையும் எடுக்கிறேன்.

*

கடலோரன் எழுதியது:

திரையிடல் இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணி. படத்துக்கு முன்னால் நான் பேசப்போவதில்லை. மகள் கிங்ஸ்டன் டெஸ்ட்டின் ஸ்கோர்கார்டைப் பெரிய தாளில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ். கெய்க்வாட், விஸ்வநாத், படேல், பேடி, சந்திரசேகர்: ஐந்து பெயர்களுக்கும் எதிரே ‘காயம், ஆடவில்லை’ என்று எழுதியிருக்கிறாள். அதன் கீழே இன்னொரு தாளில் போர்ட் மொரன்ட் எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம். இரண்டையும் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறோம். கரும்புக்காடு, வரைபடத்தில் பெர்பிஸ் ஆறு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? வரைபடத்தின் புகைப்படத்தை இன்றிரவு இங்கே ஏற்றுகிறேன்.